'இங்வர்' எனும் ஜெர்மானியச் சொல்லும் தமிழ் 'இஞ்சி'யும்

இஞ்சியைக் குறிக்கும் ஜெர்மன் சொல் 'இங்வர்'. இதனை 'இஞ்சிவேர்' என்பதன் நேர் திரிபாகக் கொள்வாருளர். ஒலியொப்புமை ஒன்றே கொண்டு இவ்வாறு துணிதல் பொருந்தாது. பழைய உயர் ஜெர்மனில் இச்சொல் 'கிங்கிபெரோ' என முதல் மெய்யுடன் வழங்கியது. அது இலத்தீன், கிரேக்கம் வழியே பாலியின் 'சிங்கிவேர'வைச் சாரும். வடமொழியின் 'சிருங்கவேர' என்பதற்குக் கொம்பு வடிவினது எனப் பொருளுரைத்தது பிற்காலப் புனைவே.

பாலி வடிவின் முதற்சகரம் எங்கிருந்து வந்தது? தென்திராவிடத்தில் சொன்முதற் சகரம் கெடுதலை 1947இல் பர்ரோ விளக்கினார். அதன்படி 'இஞ்சி'யின் முன்வடிவம் சகர முதலது. சகரம் கெடுமுன்னரே அது வடக்கே சென்றிருத்தல் வேண்டும். எனவே ஜெர்மனும் தமிழும் முதல் மெய்யைத் தனித்தனியே இழந்தன. இன்று நம்மை மயக்கும் உயிர்முதல் ஒப்புமை தற்செயலானது. உறவுக்குச் சான்று, இரண்டும் இழந்த அம்மெய்யே.