கண்ணின் ஈரம்

மாந்தர்க்கு வாய்த்த பொறிகள் ஐந்தனுள் கண் தலைசிறந்தது. அக்கண்ணைக் காப்பனவற்றுள் கண்ணீர் இன்றியமையாதது. துயரம் நேர்ந்தவிடத்துப் பெருகுவதே கண்ணீர் எனப் பலரும் கருதுவர். ஆயினும், நாம் அழாத பொழுதும் அது சிறிது சிறிதாகச் சுரந்துகொண்டே இருக்கின்றது. இமைக்குந்தோறும் மெல்லிய படலமாகக் கருவிழியின்மீது பரவித் தூசியைக் கழுவுகின்றது, பார்வையைத் தெளிவாக்குகின்றது.

அப்படலம் வெறும் நீரன்று. நீரும், அந்நீரைக் கண்ணோடு ஒட்டி நிற்கச் செய்யும் வழுவழுப்பான பொருளும், அது விரைந்து உலராதவாறு மேலே மூடி நிற்கும் நெய்ப்பொருளும் கூடியது அது. மேலிமைக்கு உட்புறம் வெளியோரமாக அமைந்த சுரப்பி நீரைத் தருகின்றது. இமை விளிம்பில் வரிசையாக அமைந்த நுண்ணிய சுரப்பிகள் நெய்ப்பொருளைத் தருகின்றன. இவற்றுள் எது குறையினும் கண் வறளும்.

கண் வறண்டவர்க்கு எரிச்சல் உண்டாகும், மணல் விழுந்தாற்போல உறுத்தும், கண் சிவக்கும், பார்வை மங்குவதும் தெளிவதுமாக இருக்கும். ஈண்டு வியப்பான செய்தி ஒன்று உண்டு. வறண்ட கண்ணிலிருந்தும் நீர் வழியும்! உறுத்தலைப் பொறாத கண் திடுமென நீரைப் பெருக்குகின்றது. அந்நீர் கண்ணில் நிலைத்து நில்லாது கன்னத்தில் வழிந்து ஒழிகின்றது. ஆதலின், நீர் வடிகின்றது என்பதுகொண்டே கண் வறளவில்லை என முடிவு செய்தலாகாது. சோதித்தே அறிதல் வேண்டும்.

இதற்கு எளிய சோதனை ஒன்றனைச் செருமானியக் கண் மருத்துவராகிய ஓட்டோ ஷிர்மர் 1903ஆம் ஆண்டில் வகுத்தார். 5 மில்லிமீட்டர் அகலமும் 35 மில்லிமீட்டர் நீளமும் உடைய வடிதாள் ஒன்றன் நுனியை மடித்துக் கீழிமையின் உள்ளே பொருத்துவர். 5 நிமிடம் கழித்து, அத்தாள் எவ்வளவு நனைந்துள்ளது என அளப்பர். 5 மில்லிமீட்டருக்கும் குறைவாக நனைந்திருப்பின் நீர்ச் சுரப்பு மிகக் குன்றியது எனக் கொள்வர். கண்ணில் சாயம் இட்டு, கண்ணீர்ப் படலம் எத்துணை நொடியில் பிளவுபடுகின்றது எனக் காண்பது மற்றொரு சோதனை. 10 நொடிக்குள் பிளவுபடின் அஃது உறுதியற்ற படலமாகும்.

சிறு குறையையும் புறக்கணியாது ஆராய்வதனால் விளையும் பயனுக்குச் சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்றிக் ஷோகிரென் சான்றாவார். அவர் இளைஞராக இருந்தபொழுது பெண்மணி ஒருவர் மருத்துவம் நாடி வந்தார். அவருக்குக் கண்கள் வறண்டிருந்தன, வாய் உலர்ந்திருந்தது, மூட்டுகளும் நொந்தன. கண்ணுக்கு மட்டும் மருந்து தந்து அனுப்பியிருப்பின் ஷோகிரெனை எவரும் குறை கூறியிரார். அவரோ இம்மூன்றற்கும் தொடர்பு உண்டோ என ஆராயத் தலைப்பட்டார். 1933ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வேட்டில், கண் வறண்ட பெண்டிர் 19 பேரைப் பற்றி எழுதினார். அவர்களுள் 13 பேர்க்கு மூட்டு நோய் இருந்தது. அவ்வேடு பல்கலைக்கழகப் பதவிக்கு வேண்டிய மதிப்பெண்ணைப் பெறவில்லை. எனினும் அவர் மனந்தளராது சிறு நகரொன்றன் மருத்துவமனையில் பணிபுரிந்தார். 1943ஆம் ஆண்டில் அவ்வேடு ஆங்கிலத்தில் வெளிவந்தது. உடலின் தற்காப்பு ஆற்றலே சுரப்பிகளைத் தாக்குவதனால் உண்டாகும் அந்நோய், இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது.

காரணம் அறிந்து மருத்துவம் செய்தலே முறை. நீர் குறைந்தவர்க்குச் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து உதவும். நெய்ச் சுரப்பிகள் அடைபட்டவர்க்கு இமைமேல் வெதுவெதுப்பான ஒத்தடம் நன்று. சிலர்க்குக் கண்ணீர் வடிந்து செல்லும் நுண்துளைகளைச் சிறிய அடைப்பான் இட்டு மூடுவர். குழந்தைகட்கு வைட்டமின் ஏ குறைவினாலும் கண் வறளும். முதலில் மாலைக்கண் தோன்றும். புறக்கணிப்பின் கருவிழியே அழியவும் கூடும். கீரை, பப்பாளி, மாம்பழம், பால், முட்டை ஆகியன அக்குறையைத் தடுக்க வல்லன.

நூலையோ கைப்பேசியையோ உற்று நோக்குங்கால் நாம் இமைப்பது குறைகின்றது. கண் விரைவில் உலர்கின்றது. ஆதலின் இடையிடையே பார்வையை மாற்றித் தொலைவில் நோக்குதலும், கண்ணை நன்றாக மூடித் திறத்தலும் நலம். பிறர்க்குத் தந்த சொட்டு மருந்தைத் தாமே வாங்கி இடுவதும், இலைச்சாறு பிழிவதும் பெருந்தீங்கு தரும். சில மருந்துகள் எரிச்சலை உடனே தணிப்பினும், நாளடைவில் கண்ணின் உள்ளழுத்தத்தை மிகுவித்துப் பார்வையைக் கெடுத்துவிடும்.

கண் உறுத்துகின்றது என்று வீட்டில் முதியவரோ சிறுவரோ கூறின், அதனைச் சிறிதென எண்ணாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் நம் கடமையாகும்.