பட்டம் பொய்த்த பிறகு

கேள்வி: மழை பொய்த்தது, கிணறு வற்றியது, உழவு மாட்டையும் விற்றுவிட்டோம். தை பிறந்தால் வழி பிறக்கும் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. (வாசகர், வையம்பட்டி)

பதில்: உங்கள் சோர்வு நியாயமானது. உற்சாகமாக இருங்கள் என்று உபதேசம் செய்ய எனக்கு மனமில்லை.

2016ஐ நினைத்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று, பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு, தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டு, 2018 ஜூலையில், மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது. அந்தத் தண்ணீர் உங்கள் மேட்டுக்கு ஏறாது, தெரியும். உங்களுக்குக் கடவூர் மலையில் பெய்து பொன்னணியாற்றுக்கு வந்தால்தான் உண்டு. ஆனாலும் வறட்சி நிரந்தரமாகத் தங்கிவிடவில்லை என்பதற்கு அது சாட்சி.

முதலில் கடனைக் கவனியுங்கள். சேதம் 33 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று அரசு கணக்கிட்டிருந்தால், பயிர்க்கடனை நீண்ட தவணையாக மாற்றித் தர விதியிருக்கிறது. வங்கியில் எழுத்து மூலமாகக் கேளுங்கள், வட்டிக்காரரிடம் போகாதீர்கள். கோடை மழை ஒன்று விழுந்ததும் சரிவுக்குக் குறுக்காக உழுதுவிடுங்கள். கட்டி பெயர்ந்து கிடக்கும் மண் அடுத்த மழையை ஓடவிடாமல் குடிக்கும். மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்களும் வெயிலில் காயும். அந்த ஒரு உழவுக்கு வாடகை டிராக்டர் போதும்.

மாடு வாங்க அவசரம் வேண்டாம். தீவனச் சோளம் விதைத்து, அது பூத்த பிறகு மணப்பாறைச் சந்தைக்குப் போங்கள்.