தேன் பற்றி வரும் செய்திகள்: அறிவித்தவர் யார்?



நம் டிரஸ்ட் கொடுக்கும் பிரசவ உதவிப் பையில் சென்ற மாதம் வரை ஒரு சிறு தேன் பாட்டிலும் இருந்தது. பிள்ளை பிறந்ததும் நாக்கில் தொட்டு வைக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் எப்போதோ ஆரம்பித்தது. நானும் கேள்வி கேட்காமல் ரசீதில் கையெழுத்துப் போட்டு வந்தேன். பேரப்பிள்ளைக்காகப் பை வாங்கிப் போன ஓர் உம்மா மறுநாள் திரும்பி வந்து, "தம்பி, செல்போனில் வந்த மாதிரி தேனைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். கரையாமல் அடியில் போய் உட்கார்ந்தது. அப்போ சுத்தமான தேன்தானே? பிள்ளைக்கு வைக்கலாம்தானே?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்காகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ளும்படி ஹுஜுராத் சூராவின் 6வது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. ஹதீஸ் கலை முழுவதும் அந்த விசாரணைதான். அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று தெரியாவிட்டால் 'மஜ்ஹூல்' என்று ஒதுக்கிவிடுவார்கள். செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. செல்போனில் வரும் தேன் குறிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு எழுதியவர் பெயரே இருப்பதில்லை. 'பலமுறை அனுப்பப்பட்டது' என்ற அடையாளத்தைப் பார்த்து, இத்தனை பேர் சொன்னால் பொய்யாகுமா என்கிறோம். முதவாத்திர் என்பது ஒவ்வொரு தலைமுறையிலும் தனித்தனியாகப் பலர் அறிவிப்பது. பெயர் தெரியாத ஒருவர் எழுதியதைப் பத்தாயிரம் பேர் கைமாற்றினாலும் அது அந்த ஒருவர் சொன்னதுதான்.

அடுத்தது 'மத்ன்', அதாவது செய்தியின் உள்ளடக்கம். தண்ணீர்ச் சோதனையையே எடுத்துக்கொள்வோம். தேன் தண்ணீரைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு கனமானது, அதனால் அடியில் போய் உட்காருகிறது. வீட்டில் சீனிப் பாகைக் கெட்டியாகக் காய்ச்சி ஆறவிட்டு நானும் ஒரு துளி விட்டுப் பார்த்தேன். அதுவும் நேராக அடிக்குத்தான் போனது. என் வீட்டில் சிரித்தார்கள். இந்தச் சோதனை எவ்வளவு கெட்டி என்பதைக் காட்டும், தேனா பாகா என்பதைக் காட்டாது. பஞ்சுத் திரியைத் தேனில் நனைத்துக் கொளுத்துவதும், காகிதத்தில் விட்டு ஊறுகிறதா என்று பார்ப்பதும் இதே கதைதான். ஈரம் எவ்வளவு என்பதற்கு மேல் அவற்றால் ஒன்றும் சொல்ல முடியாது.

இதில் ஓர் அநியாயமும் நடக்கிறது. தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. மலைகளில் பாறைத் தேனீ கட்டும் கூட்டிலிருந்து எடுக்கும் கலப்பில்லாத தேனில் பல நேரம் அதைவிட அதிக ஈரம் இருக்கும். அந்தத் தேன் திரிச் சோதனையில் தோற்கும். ஆலையில் ஈரம் குறைத்துக் காய்ச்சிய அரிசிச் சர்க்கரைப் பாகு ஜெயிக்கும். உறைந்த தேனைச் சீனி கலந்தது என்று கீழே கொட்டுகிறவர்களும் உண்டு. தேனில் உள்ள குளுக்கோஸ் தானாகவே மணிமணியாக உறையும். மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் எடுக்கும் தேன் சீக்கிரமே உறைந்துவிடும்.

ஆய்வகத்திலேயே இது எளிதல்ல. கரும்பு, மக்காச்சோளச் சர்க்கரையைக் கண்டுபிடிக்கும் கார்பன் சோதனையில் அரிசிப் பாகு தப்பித்துவிடும். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனைச் சோதித்த விவரத்தை வெளியிட்டது. ஜெர்மனி ஆய்வகத்தில் செய்த என்.எம்.ஆர். சோதனையையும் சேர்த்து எல்லாவற்றிலும் தேறியவை 3 மட்டுமே. நிறுவனங்கள் அதை மறுத்தன. இவ்வளவு கருவிகள் வைத்துக்கொண்டே வாதம் நடக்கும்போது, ஒரு டம்ளர் தண்ணீர் தீர்ப்புச் சொல்லிவிடும் என்பதை எப்படி ஏற்பது? சந்தேகம் வலுவாக இருந்தால், வாங்கியவரே கட்டணம் கட்டி அரசின் உணவுப் பகுப்பாய்வாளரிடம் மாதிரி கொடுக்க 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது.

அந்த உம்மாவின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதுதான் முக்கியமானது. ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. சுத்தமான தேனாக இருந்தாலும் கூடாது. தேனில் பொட்டுலிசம் என்ற நோயின் கிருமி விதைகள் இருக்கலாம். நம் குடல் அவற்றை முளைக்க விடாது. பச்சிளம் பிள்ளையின் குடலுக்கு அந்த வலு இல்லை. அங்கே அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அடுப்பில் கொதிக்க வைத்தாலும் அந்த விதைகள் சாவதில்லை. மலச்சிக்கல், பால் குடிக்கச் சோர்வு, அழுகைச் சத்தம் குறைவது, இமை தொங்குவது, கழுத்து நிற்காமல் உடல் துவண்டு போவது ஆகியவை அடையாளங்கள். இவற்றைக் கண்டால் ஓதிப் பார்ப்பதோடு நிற்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். தேன் கொடுத்திருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தாய் தேன் சாப்பிடுவதால் பாலின் வழியாகப் பிள்ளைக்கு இது வராது.

தேனில் நிவாரணம் உண்டு என்று அந்நஹ்ல் சூரா சொல்கிறதே என்று சிலர் கேட்டார்கள். சொல்கிறது, பிறந்த பிள்ளைக்குக் கொடுங்கள் என்று அந்த வசனத்தில் இல்லை. தஹ்னீக்கில் நபி (ஸல்) அவர்கள் பயன்படுத்தியது பேரீச்சம்பழம். அபூதல்ஹா (ரலி) அவர்களுடைய பிள்ளைக்கும், அஸ்மா (ரலி) அவர்களுடைய பிள்ளைக்கும் அப்படித்தான் செய்தார்கள் என்று புகாரியில் இருக்கிறது. அதையும் பிள்ளையைக் கவனிக்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். குறை மாதப் பிள்ளையாக இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

இந்த மாதம் முதல் பையில் தேன் கிடையாது. தாய்மாருக்காக அரைக் கிலோ பேரீச்சம்பழம் வைக்கிறோம். சென்ற ஓராண்டில் பை வாங்கியவர்கள் அந்தப் பாட்டிலைப் பெரியவர்களுக்கென்று தனியே எடுத்து வையுங்கள். பதிவேட்டைப் பார்த்து வீடு வீடாகச் சொல்லி வருகிறோம். வாடகை வீடு மாறிப்போன 4 குடும்பங்களை மட்டும் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. உங்கள் தெருவுக்குக் கைப்பிள்ளையோடு புதிதாக யாராவது குடிவந்திருந்தால் விசாரித்து அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.