பாடசாலை வைத்தியப் பரிசோதனையும் வீட்டுக்கு வரும் சீட்டும்

ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவக் குழுவினர் பாடசாலைக்கு வந்து பிள்ளைகளைச் சோதித்துச் செல்வதை நம் அங்கத்தினர்களில் பெரும்பாலோர் அறிவர். அன்று மாலை சில பிள்ளைகள் கையில் ஒரு சீட்டுடன் வீடு திரும்புகின்றனர். இன்ன குறை காணப்படுகிறது, இன்ன ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்க என்று அதில் எழுதியிருக்கும். அந்தச் சீட்டு பிறகு என்ன ஆகிறது என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டிய விஷயம். பல வீடுகளில் அது பஞ்சாங்கத்துக்குள் செருகப்பட்டு அங்கேயே தங்கிவிடுகிறது.

இதற்குப் பெற்றோரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. நோயைக் கண்டறிவது வேறு, அதைத் தீர்ப்பது வேறு என்ற சங்கடம் இந்த ஏற்பாடு தோன்றிய நாளிலிருந்தே இருந்து வந்திருக்கிறது. 1899 முதல் 1902 வரை நடந்த தென்னாப்பிரிக்கப் போயர் யுத்தத்துக்கு ஆள் சேர்த்தபோது, முன்வந்த இளைஞர்களில் பலர் தேக பலம் போதாதவர்கள் என்று தள்ளப்பட்டதைக் கண்டு இங்கிலாந்து திடுக்கிட்டது. 1904-ல் ஒரு கமிட்டி இதனை ஆராய்ந்து அறிக்கை அளித்தது. 1907-ம் ஆண்டுச் சட்டம் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வைத்தியப் பரிசோதனையைக் கட்டாயமாக்கிற்று. ஆனால் கண்ட நோய்க்குச் சிகிச்சை அளிப்பதை அச்சட்டம் கட்டாயமாக்கவில்லை. சொத்தைப் பல்லும் காதுச் சீழும் மங்கிய பார்வையும் ஏட்டில் ஏறின. கூலி வேலை செய்யும் தகப்பனிடம் மருத்துவருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. மார்கரெட் மக்மில்லன் என்ற அம்மையார் 1908-ல் லண்டன் நகரின் போ பகுதியிலும், 1910-ல் டெப்ட்போர்டிலும் பாடசாலைப் பிள்ளைகளுக்கென்றே வைத்தியசாலை நடத்திக் காட்டினார். ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளின் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வது ஸ்தல ஸ்தாபனங்களின் கடமை என்று 1918-ம் ஆண்டுச் சட்டம் கூறும்வரை பதினோரு ஆண்டுகள் கழிந்துவிட்டன.

நம் தேசத்தில் 1909-ல் பரோடா நகரில் இப்பரிசோதனை முதன்முதலாக நடைபெற்றது. பாடசாலைச் சுகாதாரம் பற்றி ஆராய ரேணுகா ராய் அம்மையாரின் தலைமையில் 1960-ல் அமைந்த கமிட்டி, மறு ஆண்டில் அறிக்கை தந்தது. இப்போது நம் ஊர்ப் பாடசாலைகளுக்கு வரும் குழுவோ 2013-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தைச் சேர்ந்தது. பிறப்பு முதல் 18 வயது வரை உள்ளவர்களிடம் 30 வகைக் குறைகளை அது தேடுகிறது. மேல் சிகிச்சையும், வேண்டுமாயின் அறுவைச் சிகிச்சையும் இலவசமே. ஆகவே அன்றைய ஆங்கிலேயத் தொழிலாளிக்கு இருந்த பெரிய தடை நமக்கு இல்லை. நமக்குள்ள தடைகள் வேறு.

கண் விஷயத்தைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். நெசவாளர் குடும்பங்களில் இதில் ஒரு தனி மயக்கம் உண்டு. பையனுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று சீட்டு வருகிறது. தகப்பனாரோ, "பாவில் ஓர் இழை அறுந்தால் நமக்கு முன்னே கண்டு முடிகிறானே, இவன் கண்ணுக்கு என்ன கேடு?" என்கிறார். அவர் கண்டது பொய்யன்று. கிட்டப்பார்வை என்பது அருகிலுள்ளதைத் தெளிவாகவும் தூரத்திலுள்ளதை மங்கலாகவும் காட்டும் குறை. பெரும்பாலும் விழி முன்பின்னாகச் சற்று நீண்டுவிடுவதால், தூரப் பொருளின் பிம்பம் விழித்திரையை எட்டுமுன்பே குவிந்துவிடுகிறது. கைக்கெட்டும் இழையைக் காண அது தடையாவதில்லை. தறியருகே தேர்ந்த கண் வகுப்பறையில் தோற்றுப் போவது இவ்வாறுதான். பிள்ளை தானாக முறையிடுவதும் இல்லை. எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் தெரிகிறது என்று எண்ணிக்கொள்கிறது. உபாத்தியாயரோ அவனை மந்தபுத்தி என்று முடிவு கட்டிவிடுகிறார்.

இன்னொரு குறை இதைவிட மறைவானது. ஒரு கண் நன்றாகவும் மற்றொன்று மங்கலாகவும் இருந்தால் பிள்ளை நல்ல கண்ணைக் கொண்டே காலம் தள்ளும். மங்கிய கண்ணின் பிம்பத்தை மூளை ஒதுக்கிவிடும். ஏழெட்டு வயதுக்குள் கவனித்தால் பெரும்பாலும் சரி செய்யலாம்; வளர்ந்தபின் கண்ணாடி கொடுத்தும் அந்தக் கண் முழுப் பார்வை பெறுவது அரிது. இதை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். இருபது அடி தூரத்தில் ஒரு நாட்காட்டியை மாட்டி, ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடச் சொல்லி, எண்களைப் படிக்கச் சொல்லுக. பிறகு மறு கண். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் சீட்டு வரும் வரை காத்திருக்கலாகாது. கண்ணாடி அணிந்தால் பார்வை மேலும் கெடும் என்பது வீண் பயம். பெண் குழந்தைக்குக் கண்ணாடி போட்டால் வரன் அமையாது என்பாரும் உண்டு. ஒன்பது வயதுக் குழந்தையின் கண்ணை இருபதாம் வயதுக் கலியாணத்துக்காக இருட்டடிப்பது என்ன கணக்கோ, நமக்கு விளங்கவில்லை.

விவசாயக் குடும்பங்களில் சீட்டு பெரும்பாலும் சோகையைப் பற்றியே வருகிறது. 5 முதல் 11 வயது வரை உள்ள பிள்ளையின் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 11.5 கிராம் ஹீமோகுளோபினாவது இருக்க வேண்டும். திறந்தவெளியில் மலம் கழித்த ஈர மண்ணில் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் வளர்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே புகுகின்றன. குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகின்றன. அத்தகைய பிள்ளையை நாம் சோம்பேறி என்று வைகிறோம். 2015-ல் தொடங்கிய தேசிய ஏற்பாட்டின்படி பிப்ரவரி 10, ஆகஸ்டு 10 தேதிகளையொட்டிப் புழு நீக்கும் மாத்திரை தரப்படுகிறது. மாத்திரை மட்டும் தின்று, வெறுங்காலுடன் அதே வயலுக்குச் சென்றால் புழு திரும்பவும் வரும். பத்து வயதுக்கு மேற்பட்ட மாணவர்க்குப் பாடசாலையில் வாரம் ஒன்று வழங்கும் இரும்புச் சத்து மாத்திரையை உணவுக்குப் பின் விழுங்க வேண்டும். மலம் கறுத்துப் போவது கண்டு சிலர் நிறுத்திவிடுகின்றனர். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. மாத்திரையோடு தேநீர் பருகுவதே தவறு. அது இரும்புச் சத்து உடலில் சேரவிடாது.

சீட்டு பஞ்சாங்கத்துக்குள் போவதற்கு உண்மையான காரணம் அசட்டை என்று நாம் கருதவில்லை. மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் தறி நிற்கும். அல்லது தண்ணீர் பாய்ச்சும் முறை தவறும். முதல் நாள் போய் மறுபடி வரச் சொன்னால் இரண்டு நாள் கூலி நஷ்டம். சிகிச்சை இலவசமானாலும் கூலி இலவசமாக வருவதில்லை. சங்கம் உதவக்கூடிய இடம் இதுவே. பரிசோதனை நடந்த வாரத்திலேயே, தலைமை ஆசிரியரிடமிருந்து சீட்டு பெற்ற பிள்ளைகளின் பெற்றோர் யார் என்று அவர்கள் சம்மதத்துடன் அறிந்து, ஆறேழு பிள்ளைகளை ஒரே நாளில், இரண்டு பெற்றோர் துணையாக அனுப்பலாம். அவ்விருவரின் கூலியையும் பஸ் கட்டணத்தையும் மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளலாம். உபவிதிகள் இடங்கொடுத்தால் சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்தும் கொடுக்கலாம். அறுவைச் சிகிச்சை தேவைப்படும் பிள்ளைக்கு மட்டும் தாயோ தந்தையோ நேரில் சென்று கையெழுத்திட வேண்டியிருக்கும்.

அனுப்பியதோடு நின்றுவிடாமல், யார் போனார், யாருக்குக் கண்ணாடி வந்தது, யார் மறுபடி போக வேண்டும் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் காரியதரிசி குறித்து வைத்து, மாதாந்தரக் கமிட்டிக் கூட்டத்தில் பாக்கிகளைப் பார்க்கும்போது இதையும் பார்த்துவிடலாம்.