திறந்த உலகக் கணினி விளையாட்டுகளில் பயண நேரமும் பொழுதும்: குமரி மாவட்டச் சிவாலய ஓட்டத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

திறந்த உலகக் கணினி விளையாட்டுகளில் தொலைவும் பொழுதும் சுருக்கப்படுகின்றன. இச்சுருக்கம் மெய்ம்மையைக் குறைப்பதாகச் சிலரும், சலிப்பைத் தவிர்ப்பதாகச் சிலரும் கருதுவர். கன்னியாகுமரி மாவட்டத்தின் சிவாலய ஓட்டத்தை ஒப்பீட்டுக் களமாகவும், தொல்காப்பியத்தின் முதற்பொருள் கோட்பாட்டை அளவுகோலாகவும் கொண்டு இச்சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது. பயண நேரத்தின் மெய்ம்மை கடிகார ஒப்புமையில் இல்லை, நிலம் தன் வேறுபாட்டை இழக்காதிருப்பதில் உள்ளது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: முதற்பொருள், நாழிகை, திணைமயக்கம், சிவாலய ஓட்டம், திறந்த உலக விளையாட்டு, விரைவுப் பயணம்.

முன்னுரை

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியம் வகுத்தது. கருப்பொருளும் உரிப்பொருளும் இவ்விரண்டின்மேல் நிற்பன. ஆடுபவர் விரும்பிய திசையில் நடந்து, காடும் மலையும் ஊரும் கடந்து செல்லுமாறு அமைந்த திறந்த உலக விளையாட்டுகளும் ஒரு நிலத்தையும் ஒரு பொழுதையும் முதலில் படைத்துக்கொண்டே கதையைத் தொடங்குகின்றன. ஆதலின் இவற்றை முதற்பொருள் நோக்கில் ஆராய்வது பொருத்தமுடையதாகும்.

விளையாட்டுகளின் கால அளவு

விளையாட்டு உலகின் ஒரு நாள், ஆடுபவரின் ஒரு நாளுக்குச் சமமாக இருப்பது அரிது. 2011இல் வெளிவந்த ஸ்கைரிம் விளையாட்டில் ஒரு நாள் 72 நிமிடங்களில் முடிகிறது. 2013இல் வெளிவந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ ஐந்தாம் பாகத்தில் அது 48 நிமிடங்கள். 2017இல் வெளிவந்த செல்டா வரிசையின் பிரெத் ஆஃப் தி வைல்டு விளையாட்டில் 24 நிமிடங்கள். தமிழ்க் கால அளவில் 24 நிமிடம் என்பது ஒரு நாழிகை. நாள் ஒன்றுக்கு 60 நாழிகை எனக் கொண்ட மரபின்படி நோக்கினால், அவ்விளையாட்டில் 60 நாழிகையும் ஒரே நாழிகைக்குள் அடங்கிவிடுகின்றன.

கடிகாரத்தை முற்றிலும் ஒப்பச் செய்த முயற்சியும் உண்டு. பென், டெல்லர் என்னும் அமெரிக்க மாயவித்தைக் கலைஞர் இருவரின் பெயரால் 1995இல் உருவாக்கப்பட்டு, வணிக முறையில் வெளிவராது நின்ற தொகுப்பில் 'டெசர்ட் பஸ்' என்றொரு விளையாட்டு இடம்பெற்றது. டூசானிலிருந்து லாஸ் வேகாசுக்குப் பாலைவழியே பேருந்து ஓட்டும் அவ்விளையாட்டு ஏறத்தாழ 8 மணிநேரம் நீளும். இடையில் நிறுத்தி வைக்கவும் இயலாது. அங்கதமாகப் படைக்கப்பட்ட அது, நேர ஒப்புமை மட்டுமே மெய்ம்மை ஆகாது என்பதற்குச் சான்றாக நிற்கிறது.

சிவாலய ஓட்டம்: நிலமும் பொழுதும்

தோவாளை, அகத்தீசுவரம் பகுதிகளாகிய நாஞ்சில் நாட்டிற்கு மேற்கே, பழைய கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் சிவாலய ஓட்டம் நிகழ்கிறது. மாசி மாத மகா சிவராத்திரியை ஒட்டி முன்சிறை அருகிலுள்ள திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்றிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு ஆகிய கோயில்கள் வழியாகத் திருநட்டாலத்தில் இது நிறைவுறும். காவியுடுத்து, பனையோலை விசிறியும் திருநீற்றுப் பையும் ஏந்தி, கோவிந்தா கோபாலா என விளித்தவாறு அடியவர் ஓடுவர். மொத்தத் தொலைவு நூறு கிலோமீட்டருக்கு மேற்படும்.

தொலைவை 100 கிலோமீட்டர் எனவும், காலத்தை ஓர் இரவும் ஒரு பகலும் சேர்ந்த 60 நாழிகை எனவும் கொண்டால், நாழிகைக்கு ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர் கடக்க வேண்டும். நீராடல், வழிபாடு, இளைப்பாறல் யாவும் இதனுள் அடங்கும். வேகம் பெரிதன்று, இடையறாமையே அரிது. திற்பரப்பில் கோதையாற்று அருவியோசை, திருநந்திக்கரையில் குடைவரை அமைந்த பாறை, கல்குளத்தில் பத்மநாபபுரக் கோட்டை என நிலம் மாறிக்கொண்டே செல்கிறது. மாலை யாமமாகவும், யாமம் வைகறையாகவும் மாறுவதை ஓடுபவர் தம் காலாலேயே அளக்கின்றனர்.

சுருக்கத்தின் விளைவு

இவ்வோட்டத்தை ஒரு கணினி விளையாட்டாக அமைப்பதாகக் கொள்வோம். நாளை ஒரு நாழிகையாக, அதாவது அறுபதில் ஒரு பங்காகச் சுருக்கி, நிலத்தைச் சுருக்காது விட்டால், ஆடுபவர் 24 நிமிடத்தில் 100 கிலோமீட்டர் ஓட வேண்டும். அது மணிக்கு 250 கிலோமீட்டர் வேகம். மனித ஓட்டமாக அது தோன்றாது. நிலத்தையும் அதே விகிதத்தில் சுருக்கினால் முழுவழியும் 1.7 கிலோமீட்டராகும். பன்னிரு கோயில்களுக்கு இடைப்பட்ட பதினொரு இடைவெளிகளும் சராசரியாக 150 மீட்டராகக் குறுகும். மெய்யான இடைவெளிகள் சமமானவை அல்ல எனினும் விளைவு தெளிவு: ஒரு கோயில் வாயிலில் நின்றால் அடுத்த கோயிலின் விளக்கு தெரியும். இடையிலுள்ள ஊர்களுக்கும் வயல்களுக்கும் இடமிராது. ஸ்கைரிமின் விகிதமாகிய இருபதில் ஒரு பங்கைக் கொண்டாலும் இடைவெளி 450 மீட்டர் அளவே.

திணைகள் தம்முள் மயங்குதலை விலக்காத தொல்காப்பியம், இரு நிலம் ஒருங்கு மயங்குதலை ஏற்பதில்லை. பொழுது மயங்கலாம், நிலம் மயங்கலாகாது என உரையாசிரியர் இதனை விளக்குவர். அகப்பாடலுக்கு வகுத்த இவ்விதி விளையாட்டு ஆய்வுக்கும் ஒளி தருகிறது. நாள் விரைந்து கழிவதை ஆடுபவர் எளிதில் ஏற்றுக்கொள்கிறார். பனிமலையிலிருந்து சதுப்பு நிலத்திற்குச் சில நிமிடக் குதிரைப் பயணத்தில் சென்றுசேரும்போதுதான் அவ்வுலகம் சிறியதெனும் உணர்வு எழுகிறது. மெய்ம்மை குலைவது பொழுதின் சுருக்கத்தால் அன்று, நிலமயக்கத்தால் எனலாம்.

தலக்கதையின் உத்தி

ஓட்டத்தின் தோற்றம் குறித்து வழங்கும் கதைகளுள் ஒன்று பீமனையும் புருஷாமிருகத்தையும் பற்றியது. சிவபத்தி மிக்க அவ்விலங்கு திருமாலின் பெயர் கேட்டுச் சினந்து பீமனைத் துரத்துகிறது. கண்ணன் தந்த பன்னிரு உருத்திராக்கங்களில் ஒன்றைப் பீமன் கீழே இடும்தோறும் அவ்விடத்தில் ஓர் இலிங்கம் தோன்ற, விலங்கு நின்று வழிபட்ட பின்னரே மீண்டும் துரத்துகிறது. இறுதியில் பீமனின் ஒரு கால் எல்லைக்கு அப்பாலும் மறுகால் இப்பாலும் இருக்கையில் பிடிபட, உடலில் பாதி விலங்கிற்கு உரியது எனத் தருமர் தீர்ப்பளிக்கிறார்.

இக்கதையில் தொலைவை வெல்வது வேகம் அன்று, தடை. விலங்கின் பொழுது நிற்கும் இடங்களே தலங்களாகின்றன. நிலம் முழுதும் ஒரே சீராக ஓடிக் கடக்கும் வெளியாக இல்லாமல், நின்றே ஆகவேண்டிய பன்னிரு புள்ளிகளால் பிரிக்கப்படுகிறது. டெசர்ட் பஸ்ஸின் எட்டு மணிநேரத்தில் இல்லாததும் இதுவே.

விரைவுப் பயணம்

வரைபடத்தில் ஓரிடத்தைச் சுட்டி உடனே அங்குச் சென்றடைவது விரைவுப் பயணம் எனப்படும். ஸ்கைரிமில் பெரும்பாலும் முன்னர்ச் சென்று கண்டறிந்த இடத்திற்கே இவ்வாறு செல்ல முடியும். அப்பயணத்திற்குரிய பொழுதும் விளையாட்டுக் கடிகாரத்தில் கழியும். நிலத்தை முதலில் நடந்து அறிந்தவருக்கே குறுக்கம் உரியது என்னும் நெறி இதில் உள்ளது.

சிவாலய ஓட்டத்திலும் இரு சக்கர வாகனத்திலும் சிற்றுந்திலும் பன்னிரு தலங்களை வழிபடுவோர் இன்று மிகுந்துள்ளனர். முதுமையும் நோயும் உடையோர்க்கு அது வழிபாட்டின் வாயிலைத் திறக்கிறது. எனினும் வாகனத்தில் கடப்பவருக்குத் தலங்கள் எஞ்சுகின்றன, இடைவழி எஞ்சுவதில்லை. ஓட்டம் என்னும் பெயர் குறிப்பது அவ்விடைவழியையே. அவ்வழியை அறிந்த தலைமுறை குறையுமாயின், இவ்வழிபாடு பன்னிரு பெயர்களின் பட்டியலாகச் சுருங்கிவிடக்கூடும்.

முடிவுரை

திறந்த உலக விளையாட்டில் பயண நேரம் மெய்ம்மை பெறக் கடிகாரம் ஒத்திருத்தல் இன்றியமையாததன்று. பொழுதைச் சுருக்கலாம். நிலங்கள் ஒன்றோடொன்று மயங்காதவாறு இடைவழி காக்கப்படுதலும், அவ்விடைவழி நின்று செல்லும் இடங்களால் பொருள் பெறுதலும் வேண்டும். தமிழ் நிலத்தைக் களமாகக் கொண்டு விளையாட்டு படைக்க முனைவோர்க்குத் தொல்காப்பிய முதற்பொருள் கோட்பாடு இவ்வகையில் ஒரு வடிவமைப்பு நெறியாகவும் பயன்படும். சிவாலய ஓட்டத்தைப் பதிவு செய்வோரும் பன்னிரு கோயில்களின் வரலாற்றோடு, அவற்றிற்கு இடைப்பட்ட பதினொரு வழிகளையும், அவை ஓடிக் கடக்கப்படும் பொழுதுகளையும் பதிவு செய்தல் வேண்டும்.