வாள் முத்திரை இருந்தா போதுமா?

பீங்கான்னு சொன்னா நமக்கு டீ கப்பும் ஊறுகாய் ஜாடியும்தான் ஞாபகம் வரும். ஜெர்மனியில் மைசன் என்ற ஊரில் அதில் பொம்மையே செய்தார்கள்! சீனா, ஜப்பானிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த கெட்டிப் பீங்கானை ஐரோப்பாவில் முதன்முதலில் செய்த ஆலை அது. தொடங்கிய ஆண்டு 1710. அந்த ரகசியத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பெட்கர், தங்கம் செய்யத் தெரியும் என்று சொல்லி மன்னரின் காவலில் மாட்டிக்கொண்டவர். தங்கம் வரலை, பீங்கான் வந்தது!

1731-ல் அங்கே சேர்ந்த சிற்பி கேண்ட்லர், குரங்குகள் வாத்தியம் வாசிக்கிற மாதிரிகூட பொம்மை செய்தார். தலை, கை, கால் எல்லாம் தனித்தனி அச்சு. களிமண் கூழால் ஒட்டிச் சுடுவார்கள். பிறகு தூரிகையால் வண்ணம் தீட்டி மறுபடியும் சுடுவார்கள்.

பழைய பொம்மை சேகரிப்பவர்கள் முதலில் அடிப்பக்கம் பார்ப்பார்கள். நீல நிறத்தில் இரண்டு வாள் குறுக்காக இருந்தால் அது மைசன் முத்திரை. ஆனா அதை மட்டும் நம்பினா ஏமாந்துடுவோம். வேறு ஆலைகளும் அதே மாதிரி வாள் போட்டிருக்கின்றன. அதனால் லென்ஸ் வைத்து முகத்தைப் பாருங்க. பொடிப்பொடியாகப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது அச்சுப்படம். கையால் தீட்டியது என்றால் கோடு ஓரிடத்தில் தடிமனாகவும் ஓரிடத்தில் மெலிசாகவும் ஓடும். இரண்டு புருவமும் அச்சு அசலாக ஒண்ணு போல இருக்காது.

பளபளக்கட்டும்னு அழுத்தித் துடைச்சிடாதீங்க, தங்கப் பூச்சு போயிடும். மெல்லிய பிரஷால் தூசி தட்டினாலே போதும்.