ஆள் வரையப் பழகுகிறீர்களா?

முகத்தில் தொடங்காதீர்கள், புதிதாக வரைபவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். பஸ் ஸ்டாண்டில் நிற்பவரை 2பி பென்சிலால் 30 விநாடிக்குள் கிறுக்குங்கள். முதுகின் வளைவு, தோளின் சரிவு, எந்தக் காலில் உடம்பின் பாரம் இறங்குகிறது என்பது, இவ்வளவு போதும். ரப்பர் வீட்டிலேயே இருக்கட்டும்.

வளர்ந்தவரின் உயரம் சுமார் ஏழரைத் தலை. கைகளைத்தான் பலரும் சின்னதாகப் போட்டுவிடுவார்கள். உங்கள் கையை முகத்தில் வைத்துப் பாருங்கள்: மோவாயிலிருந்து முடி தொடங்கும் இடம்வரை ஏறக்குறைய எட்டும்.

வரைந்ததைக் காட்டி “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “சூப்பர்” என்பார்கள், பயனில்லை. “எங்கே இடிக்குது?” என்று கேளுங்கள். சொல்ல ஆளில்லையா? படத்தைக் கண்ணாடியில் காட்டுங்கள். கோணல் சட்டென்று தெரியும். தாள்களைக் கிழித்துப் போடாமல் தேதி போட்டு வையுங்கள்.